கோல்நாரின் பாதி அட்வான்ஸ்

கோல்நார் வீட்டைக் காலி செய்துகொண்டு போன அன்று ஃபராங்கிஸ் அவள் பின்னால் தண்ணீர் ஊற்றவில்லை.

புறப்பட்டுப் போகிறவர்கள் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீரைத் தெருவில் ஊற்றினால் அவர்கள் சுகமாகத் திரும்பி வருவார்கள். தெஹ்ரானில் எவ்வளவு கடுகடுப்பான மாமியாரும் மருமகளுக்கு இந்த ஒன்றில் மட்டும் குறை வைக்க மாட்டாள். ஃபராங்கிஸும் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு மூன்று மாடி இறங்கி வாசல்வரை வந்தாள். சாமான் ஏற்றிய வண்டி முன்னால் நின்றது. அதன் பின்னால் ஒரு பழைய வெள்ளைக் கார். கோல்நார் மடியில் பூந்தொட்டியை வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் சஹ்பா; கறுப்புக் கண்ணாடியும் உதட்டுச் சாயமுமாக, கல்யாண ஊர்வலத்துக்குக் கார் ஓட்டுகிறவளைப் போல. தண்ணீரை ஊற்றினால் இவளும் அல்லவா சேர்ந்து திரும்பி வருவாள் என்று தோன்றியது ஃபராங்கிஸுக்கு. கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி ஃபக்ரி கானும் (பெண்களை அங்கே மரியாதையாகக் 'கானும்' என்பார்கள்) தன் பங்குக்கு ஒரு சொம்பு தண்ணீரை வீசி ஊற்றிவிட்டு, இவள் கையைப் பார்த்தாள்.

"என்னடி, அந்தத் தண்ணிய என்ன பண்ணப் போற? குடிக்கவா?"

"செடிக்கு."

"செடியத்தான் அவ மடியில வெச்சுட்டுப் போறாளே!"

ஃபராங்கிஸ் படியேறினாள். கிண்ணத்துத் தண்ணீர் பாதி அவள் செருப்பிலேயே சிந்தியது.

நார்மக் பகுதியில், ஒரு சின்ன சதுக்கத்தைப் பார்த்த அந்த வீட்டில் இருவரும் ஐந்து வருஷம் சேர்ந்து இருந்தார்கள். ஃபராங்கிஸ் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். முப்பத்தாறு வயது. பேச்சு குறைவு, கவனிப்பு அதிகம். கோல்நார் அவளைவிட ஐந்து வயது இளையவள், ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடுகிறவள், சிரிப்பை அடக்கத் தெரியாதவள். கோல்நார் வீடு வந்து சேரும்வரை ஃபராங்கிஸ் சாப்பிட மாட்டாள். தாமதமானால் போன் செய்வாள். இன்னும் தாமதமானால் மெட்ரோ வாசலில் போய் நிற்பாள். இதற்குப் பெயர் அன்பு என்றுதான் அவள் ஐந்து வருஷமும் நினைத்திருந்தாள். கோல்நார் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாள் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

கோல்நார் போன அந்த வாரம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஃபராங்கிஸ் கீரை போட்டு, குக்கூ என்கிற முட்டை அடை செய்து வைத்திருந்தாள். கோல்நார் அதை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"ஃபரி ஜூன், கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லு," என்றாள். ஃபராங்கிஸை அவள் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவாள்; ஜூன் என்றால் கண்ணே.

"மொதல்ல விஷயத்தைச் சொல்லு. கோவிச்சுக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம்."

"யூசெஃபாபாத்ல ஒரு வீடு கிடைச்சிருக்கு. பால்கனி இருக்கு. ஆபீசுக்கு நடந்தே போயிடலாம். சஹ்பாவும் நானும் சேர்ந்து எடுக்கலாம்னு..."

ஃபராங்கிஸின் காதில் யூசெஃபாபாத் விழவில்லை, பால்கனி விழவில்லை. 'சஹ்பாவும் நானும்' மட்டும் விழுந்தது. சஹ்பா கோல்நாரின் ஆபீசுக்கு ஆறு மாதம் முன்னால் வந்து சேர்ந்தவள். தெற்கே ஆபாதான் ஊர்க்காரி. ஆறே மாதம்!

"எப்போ?"

"நாளன்னைக்கு. அந்த வீட்டுக்காரர் அவசரப்படுத்தறார், ஃபரி. இல்லாட்டி நான் இப்படித் திடுதிப்புன்னு..."

"ஆறிப் போகுது பாரு, சாப்பிடு."

கல்யாணம் ஆகிப் போயிருந்தால் ஃபராங்கிஸ் கைதட்டி அனுப்பியிருப்பாள். வெளிநாடு போயிருந்தால் பெட்டி நிறைய பிஸ்தா கட்டிக் கொடுத்துவிட்டு, விமான நிலையத்தில் நின்று அழுதிருப்பாள். இது என்ன? அதே ஊர். அதே மெட்ரோ. இன்னொருத்தியின் அடுப்பங்கரை! கட்டினவன் வேறொருத்தியைத் தேடிப் போனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து அவனைத் திட்டுவார்கள். கூட இருந்தவள் வேறொருத்தியோடு குடித்தனம் போனால் யார் கேட்பார்கள்? 'அதுக்கென்ன, வேற ஆளப் பாத்துக்கோ' என்பார்கள். ஃபக்ரி கானும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள்.

வேறு ஆள் பார்க்கத்தான் வேண்டியிருந்தது, அட்வான்சுக்காக.

தெஹ்ரானில் மாத வாடகையைக் குறைக்க வேண்டுமென்றால் அட்வான்சை ஏற்ற வேண்டும். இருவரும் ஆளுக்குப் பதினைந்து கோடி தோமான் போட்டு, முப்பது கோடியை ஃபக்ரி கானுமிடம் கொடுத்திருந்தார்கள். கோடி என்றதும் யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். அந்த ஊரில் கோடி வைத்திருப்பவர்களும் வெங்காயத்துக்குப் பேரம் பேசுகிறவர்கள்தான். ஆனாலும் கோல்நாருக்கு அது ஏழெட்டு வருஷ உழைப்பு. ஒப்பந்தம் ஃபராங்கிஸ் பெயரில். முடிகிற தேதிக்கு முன்னால் ஃபக்ரி கானும் ஒரு தோமானைத் திருப்பித் தர மாட்டாள். வழக்கமும் அதுதான். போகிறவளின் பாதியை வருகிறவள் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். ஃபராங்கிஸ் அதை வாங்கிக் கோல்நாருக்கு அனுப்ப வேண்டும்.

"புது வீட்டுக்கு என் பங்கை இப்போதைக்கு சஹ்பா போட்டிருக்கா," என்று போகும்போது கோல்நார் சொல்லியிருந்தாள். "அதனால உனக்கு அவசரமே இல்ல. ஆள் கிடைக்கறப்ப குடு, போதும்."

சஹ்பா போட்டிருக்கிறாளாம். ஃபராங்கிஸுக்கு அதைக் கேட்டதும் அடிவயிற்றில் அடுப்பு பற்றிக்கொண்டது.

கோல்நார் மூன்று நாளுக்கு ஒருமுறை போன் செய்தாள். ஃபராங்கிஸின் தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். ஃபக்ரி கானுமின் முழங்காலை விசாரிப்பாள். கடையில் யார் வந்தார்கள், எந்தக் கிழவர் பொருந்தாத கண்ணாடியைத்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தார் என்றெல்லாம் கேட்டுச் சிரிப்பாள். கடைசியில் குரல் கொஞ்சம் தணியும்.

"அப்புறம்... வீடு பாக்க யாராச்சும் வந்தாங்களா, ஃபரி ஜூன்?"

"வந்தாங்க. சரிப்படல."

இரண்டு வாரத்தில் ஃபராங்கிஸுக்கு ஒன்று புரிந்துபோயிற்று. இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் முன்னால் உள்ள தலைவலியும் முழங்காலும். பணம் இருக்கும்வரைதான் போன். பணம் போய்விட்டால் போனும் போய்விடும். அந்தக் கணக்கு மனதில் விழுந்த நாளிலிருந்து வீடு பார்க்க வந்த எந்தப் பெண்ணும் அவளுக்குச் சரிப்படவில்லை. ஒருத்தி சத்தமாகப் பேசினாள். ஒருத்தி பேசவே இல்லை. ஒருத்தி பூனை வளர்த்தாள். ஒருத்தி எல்லா விதத்திலும் தங்கமானவள், ஆனால் கோல்நாரைப் போலவே சிரித்தாள். அவளைத்தான் முதலில் அனுப்பினாள்.

"நீ கூட இருக்க ஆள் தேடறியா, இல்ல பெத்த பையனுக்குப் பொண்ணு தேடறியா?" என்றாள் ஃபக்ரி கானும். "மூக்கு சரியில்ல, நடை சரியில்லன்னு!"

இதற்கிடையில் கோல்நார் தன் போன் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்தாள். பால்கனி, அந்தப் பூந்தொட்டி, சின்ன மேஜை, இரண்டு கிளாஸ் தேநீர். ஃபராங்கிஸ் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கிளாஸ்கள் அவளும் கோல்நாருமாகப் பேரம் பேசி வாங்கிய ஆறில் இரண்டு; இடுப்பில் பொன் கோடு போட்டவை. பிரியும்போது ஆளுக்கு மூன்றாகப் பங்கிட்டார்கள். ஒரு கிளாஸின் விளிம்பில் உதட்டுச் சாயம் ஒட்டியிருந்தது. கோல்நார் உதட்டுச் சாயம் பூசமாட்டாள். என் கிளாஸில் அவள் வாய் என்று ஃபராங்கிஸ் சத்தமாகவே சொல்லிவிட்டு, தனியாக இருக்கும் வீட்டில் தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

பொறாமைக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கலாம், முழு வாடகையைக் கட்டிக்கொண்டே இருக்க முடியாது. கோடை நடுவில் சம்பளம் பத்தாமல் போனது. கடைசியில் ஃபக்ரி கானுமே ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து மேலே கூட்டி வந்தாள். ரஷ்த் ஊர்க்காரி. மந்தானா என்று பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"இவள வேண்டாம்னு சொன்னா நீயே காலி பண்ணிடு," என்றாள் ஃபக்ரி கானும்.

மந்தானா வந்தாள். பதினைந்து கோடியும் ஃபராங்கிஸின் கணக்கில் வந்து விழுந்தது.

அன்று சாயங்காலமே ஃபராங்கிஸ் கோல்நாருக்குப் போன் செய்தாள். நம்புகிறவர்கள் நம்பலாம்: கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் செய்தாள். எடுத்ததுமே அந்தப் பக்கம் ஒரே கும்மாளம். பாட்டு ஓடியது, தட்டுகள் சத்தம் போட்டன. நடுவில் சஹ்பாவின் குரல் கணீரென்று கேட்டது.

"யாரு போன்ல? உன் மூத்த சம்சாரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கோல்நாரும் சிரித்தாள். அடக்கத் தெரியாத அந்தச் சிரிப்பு ஃபராங்கிஸின் காதில் வந்து அறைந்தது.

"ஃபரி ஜூன், சொல்லு சொல்லு," என்றாள் கோல்நார், மூச்சு வாங்க.

"ஆள் கிடைச்சாச்சு. உன் பணம் வந்துருச்சு. நம்பர் அனுப்பு, போட்டு விடறேன்."

"அய்யோ, அதுக்கென்ன இப்ப! உன் கையில இருந்தா என் கையில இருக்கற மாதிரி. நீயே வெச்சுக்கோ. நமக்குள்ள என்ன கணக்கு!"

இது உபசார வார்த்தை. தாரோஃப் என்பார்கள். அந்த ஊரில் பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும். கொடுக்க வந்தால் முதலில் 'வேண்டாம்' என்று சொல்வது வாங்குகிறவளின் மரியாதை. 'அதெல்லாம் முடியாது, வாங்கித்தான் ஆகணும்' என்று மறுபடி வற்புறுத்துவது கொடுக்கிறவளின் மரியாதை. இன்னொரு தரம் வேண்டாம், இன்னொரு தரம் வற்புறுத்தல். அதற்கு அப்புறம்தான், போனால் போகிறது என்பதுபோலக் கை நீளும். முதல் வேண்டாமோடு பணத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்கிறவளை அந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

ஃபராங்கிஸுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

"சரி, நீ சொன்னா சரி."

அந்தப் பக்கம் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆங்," என்றாள் கோல்நார். "சரி, ஃபரி."

ஃபராங்கிஸ் போனை வைத்தாள். நெஞ்சு குளுகுளு என்று இருந்தது. சஹ்பாவின் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். போட்ட காசு வராது என்றதும் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரி என்ன செய்வாள்? இரண்டு பேருக்கும் சண்டை வரும். பால்கனி நாறும். கோல்நார் அழுதுகொண்டு போன் செய்வாள். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கோல்நார் போன் செய்யவில்லை.

அந்த வாரம் செய்யவில்லை. அடுத்த வாரமும் செய்யவில்லை. ஃபராங்கிஸ் போனைக் குளியலறைவரை எடுத்துக்கொண்டு போனாள். தான் செய்த மடத்தனம் மெல்ல மெல்லத்தான் அவளுக்கு உறைத்தது. 'நீயே வெச்சுக்கோ' என்று தன் வாயால் சொல்லிவிட்டவள் இனி எந்த முகத்தோடு கேட்பாள்? பணத்தைப் பற்றிக் கேட்க முடியாது. கேட்க முடியாதபோது, தலைவலியைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் விசாரிக்கவும் முடியாது. எதை விசாரித்தாலும் பணத்துக்குத்தான் அடிபோடுகிறாள் என்று ஆகிவிடும். கோல்நாரைக் கட்டி வைத்திருந்த ஒரே கயிறு அது. அதைத் தன் கையாலேயே அறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கெட்டிக்காரி!

பணத்தில் ஒரு தோமானைக்கூட அவள் தொடவில்லை. அதில் ஒரு பெருமை வேறு. வட்டிகூட அப்படியே கிடக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள், யாரோ அவளைப் பாராட்டக் காத்திருப்பதுபோல.

மாதுளம்பழம் வண்டிகளில் வரத் தொடங்கிய சமயம், ஒரு புதன்கிழமை, கடைக்குள் சஹ்பா வந்தாள். தலையில் அந்தக் கறுப்புக் கண்ணாடி. ஆபாதான்காரர்கள் கறுப்புக் கண்ணாடியோடுதான் பிறக்கிறார்கள் என்று ஊரே கேலி செய்யும். இவள் அந்தக் கேலியைக் காப்பாற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவள். சுவரில் மாட்டியிருந்த பிரேம்களை ஒன்றிரண்டு எடுத்துப் போட்டுப் பார்த்தாள்.

"இது எனக்கு நல்லா இருக்கா?"

"இல்லைங்க," என்றாள் ஃபராங்கிஸ். "உங்க முகம் அகலம்."

"நல்லது. கண்ணாடி வாங்க வரல." சஹ்பா பிரேமைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "உங்க ஊர்க்காரங்க மாதிரி மூணு சுத்து சுத்தி வர எனக்குத் தெரியாது. நேராவே கேட்டுடறேன். கோல்நார் பணம் உன்கிட்ட இருக்கு. ஏன் குடுக்கல?"

"அவதான் வெச்சுக்கச் சொன்னா."

"டாக்ஸிக்காரனும்தான் 'காசு வேண்டாம், நீங்க வந்ததே போதும்'ங்கறான். சரின்னு இறங்கிப் போயிடுவியா?"

கடை முதலாளி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். ஃபராங்கிஸ் சஹ்பாவின் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அவ அனுப்பினாளா உன்னை?"

"அவளா? நான் இங்க வந்தது தெரிஞ்சா என் பெட்டியத் தூக்கி பால்கனி வழியா வீசிடுவா." சஹ்பா குரலைத் தாழ்த்த முயன்றாள், அவளுக்கு அது வரவில்லை. "உனக்குப் பெரிய கஷ்டம்னு நெனச்சுட்டிருக்கா. 'ஃபரி அப்படி வாங்கிக்கற ஆளே இல்ல. வாயத் தொறந்து கேக்க வெக்கப்பட்டுத்தான் அப்படி வாங்கிக்கிட்டா. நீ ஒரு வார்த்த கேட்டேன்னா பாரு'ன்னு எனக்கு ஆணையிட்டு வெச்சிருக்கா. அராக் ஊர்ல உங்கப்பாவுக்குக் கிட்னி போயிடுச்சுன்னு ஒரு நாள். கடையில உன்னை நிறுத்திட்டாங்கன்னு ஒரு நாள். அவளே ஒண்ணக் கிளப்பி விட்டு அவளே உக்காந்து அழறா. எனக்கு மாசாமாசம் சம்பளத்துல கடன் கட்டறா. தேஞ்ச ஷூவுக்கு அட்டை வெச்சுப் போட்டுக்கறா."

ஃபராங்கிஸ் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூசியது. ஆனால், சொல்லத்தான் வேண்டும், கூச்சத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் ஊறியது. அழுகிறாளாம். என்னை நினைத்து.

"அது மட்டுமா!" என்றாள் சஹ்பா. "காலையில எந்திரிச்சா ஃபரி, ராத்திரி படுத்தா ஃபரி. நான் கேய்மே குழம்பு வெச்சா, 'ஃபரி காஞ்ச எலுமிச்சையை ஊசியால குத்தித்தான் போடுவா, அப்பதான் கசக்காது'ங்கறா. டீ போட்டா, 'ஃபரி ஏலக்காய் தட்டிப் போடுவா'ங்கறா. எனக்கு வயிறு பத்திட்டு எரியுது, தெரியுமா? எங்க வீட்டுல நீ இல்லாமலே நீதான் இருக்க. அந்தப் பணத்தக் குடுத்துத் தொலை. கணக்கு முடியட்டும். அவ உன்னை மறக்கட்டும். நான் என் வீட்டுல நிம்மதியா ஒரு குழம்பு வெச்சுக்கறேன்."

கறுப்புக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். ஃபராங்கிஸுக்கு அவள் முதுகைப் பார்க்கையில் முதல்முறையாக எரிச்சல் வரவில்லை. எரிகிறவளுக்கு எரிகிறவளைப் பார்த்தால் ஓர் ஆறுதல்.

மறுநாள் காலை கடைக்குப் போகும் முன்னால் போனைக் கையில் எடுத்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாக யோசித்து வைத்திருந்தாள். 'ஆமா, கோல்நார் ஜூன், ஒரு கஷ்டம் வந்துச்சு. இப்ப தீந்துபோச்சு. நீ குடுத்ததை மறக்க மாட்டேன்.' ஒரு சின்னப் பொய். அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பணம் போனாலும் கோல்நார் இருப்பாள். சொல்லாவிட்டால் இரண்டும் போகும்.

"ஃபரி!" என்றாள் கோல்நார். அந்த ஒரு சொல்லிலேயே அத்தனை மாத ஏக்கமும் இருந்தது. "நல்லா இருக்கியா? அப்பா நல்லா இருக்காரா?"

"இருக்கார். நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா, அந்தப் பணம்..."

"பேசாத. அந்தப் பேச்சே வேண்டாம். உனக்கு இன்னும் வேணும்னா சொல்லு. கூச்சப்படாத. என்கிட்ட இல்லாட்டியும் சஹ்பாகிட்ட இருக்கு. நான் சொன்னா சஹ்பா தந்துடுவா. அவ வாய்தான் அப்படி, மனசு தங்கம்."

யோசித்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு பெயரில் பொசுங்கிப் போனது. சஹ்பாவின் காசில் ஃபராங்கிஸுக்குப் பிச்சை!

"எனக்கு எவ காசும் வேண்டாம்," என்று வெடித்தாள். "எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அன்னைக்கும் இல்ல!"

கோல்நாரின் குரல் தாழ்ந்தது.

"அன்னைக்கும் இல்லையா?"

"இல்ல."

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையா? வேலையில ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"அப்ப ஏன், ஃபரி?"

பொய் சொல்ல நேரம் தாண்டிவிட்டது.

"அவ சிரிச்சா. மூத்த சம்சாரம்னு சொல்லிச் சிரிச்சா. நீயும் கூடச் சிரிச்ச."

ஃபராங்கிஸ் அவசர அவசரமாகப் பேசினாள். "ஒரு தோமான் தொடல. அப்படியே இருக்கு, வட்டியோட. இப்பவே அனுப்பிடறேன், கோல்நார் ஜூன். இப்பவே."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இப்போது 'வேண்டாம்' வரும். ஒப்புக்காவது வரும். காய்கறிக்காரன்கூடச் சொல்வான் அதை. வந்தால், இந்தத் தடவை மூன்று முறை என்ன, முப்பது முறை வற்புறுத்தத் தயாராக இருந்தாள்.

"நம்பர் அனுப்பறேன்," என்றாள் கோல்நார்.

எண் வந்தது. ஃபராங்கிஸ் அதைப் போனில் இருந்த வங்கிப் பக்கத்தில் ஏற்றினாள், தொகையைப் போட்டாள். பணம் யாருக்குப் போகிறது என்று அது காட்டி, சரிதானா என்று கேட்டது. திரையில் பெயர் வந்தது: சஹ்பா தர்யானவர்த்.

கடனைத்தானே அடைக்கிறாள், அதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஃபராங்கிஸ் அந்தப் பெயரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விரலை வைத்து அழுத்தினாள். பதினைந்து கோடியும் அதன்மேல் ஏறிய வட்டியும் அவளுடைய போனிலிருந்து, அவளுடைய கையாலேயே, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரியின் மடியில் போய் விழுந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து தலைமுக்காட்டைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. கோல்நார். அவளாகவே கூப்பிடுகிறாள்! பணமில்லாமலும் கூப்பிடுகிறாள்!

"பணம் வந்துருச்சு," என்றாள் கோல்நார். "உன் கை வலிக்காம இருக்கட்டும்."

"உன் தலை வலிக்காம இருக்கட்டும்," என்றாள் இவள்; நன்றிக்கும் அதன் பதிலுக்கும் அந்த ஊரில் வழங்கும் வார்த்தைகள்.

பின்னால் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ எதையோ தாளித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நாள் வீட்டுக்கு வா, ஃபரி," என்றாள் கோல்நார்.

வருகிறேன் என்று மனது துள்ளியது. நாளைக்கே வருகிறேன், ஊசியும் எலுமிச்சையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆனால் மூன்று வயதிலிருந்து பழகிய நாக்கு, மனதைக் கேட்காமல் முந்திக்கொண்டது.

"உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு."

இனி கோல்நார் சொல்ல வேண்டும்: என்ன தொந்தரவு, நீ வந்துதான் ஆகணும். இவள் இன்னொரு தரம் மறுக்க வேண்டும். அவள் இன்னொரு தரம் கூப்பிட வேண்டும். ஃபராங்கிஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"சரி," என்றாள் கோல்நார். குரலில் கோபம் இல்லை. "நீ சொன்னா சரி."

போன் வைக்கும் சத்தம் கேட்டது.

சமையலறையில் மந்தானா கெட்டிலை இறக்கிக்கொண்டிருந்தாள். வந்த நாள் முதல், இரண்டு பேரும் 'வணக்கம்', 'குட்நைட்' தவிர அதிகம் பேசியதில்லை. மந்தானா கதவோரமாகத் தலையை நீட்டினாள்.

"டீ போட்டேன். உங்களுக்கும் ஊத்தட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் ஃபராங்கிஸ் வாயைத் திறந்தாள். பொன் கோடு போட்ட மூன்று கிளாஸ்கள் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தன.

"ஊத்து," என்றாள்.